அடுப்படிக்கு ஒரு ரிலீவர்

தனபாக்கியத்துக்கு வெளிநாடு போக வேண்டும் என்ற ஆசையெல்லாம் கிடையாது. அவள் ஆசைப்பட்டது ஒரு வேளைச் சோற்றுக்குத்தான். அந்தச் சோற்றை வேறு யாராவது சமைத்திருக்க வேண்டும். அது சூடாக இருக்க வேண்டும். அவள் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் வந்து பரிமாற வேண்டும். ப்பூ, இவ்வளவுதானா என்பீர்கள். நெய்வேலியில் ஷிஃப்ட் வேலைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் ப்பூ சொல்லுங்கள்.

அவள் வீட்டுக்காரர் சண்முகசுந்தரம் சுரங்கத்தில் பக்கெட் வீல் மெஷின் ஓட்டுகிறவர். மண்ணையும் நிலக்கரியையும் வாளி வாளியாக வெட்டி எடுக்கும் அந்த ராட்சச மெஷினுக்கு ராத்திரி பகல் கிடையாது, ஓட்டுகிறவருக்கும் கிடையாது. ஒரு வாரம் காலை ஷிஃப்ட். கோழி கூவும் முன்னே கேரியர் கட்டியாக வேண்டும். மறு வாரம் மதிய ஷிஃப்ட். அதற்கடுத்த வாரம் இரவு ஷிஃப்ட். விடிந்து வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார், ஊரெல்லாம் மத்தியானச் சாப்பாடு முடித்துக் கை கழுவும் நேரத்தில் எழுந்து இட்லி இருக்கிறதா என்பார். இதற்கெல்லாம் ஈடுகொடுத்து முடிப்பதற்குள் தனபாக்கியத்தின் பங்குச் சோறு ஆறி அவலாகிவிடும். அதையும் அடுப்படியில் நின்றபடியே, ஒரு கையால் பாத்திரத்தை ஒதுக்கிக்கொண்டே தின்று முடிப்பாள்.

கல்யாண வீடுகளில்கூடவா சாப்பிடவில்லை என்று கேட்கலாம். டவுன்ஷிப்பில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "தனம் வந்தாச்சா? பரிமாற ஆள் கவலை விட்டுச்சு" என்று வாசலிலேயே சாம்பார் வாளியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். கடைசிப் பந்தியில் அவள் உட்காரும்போது ரசத்தில் தண்ணீர் மட்டும் இருக்கும். ஓட்டலுக்குப் போகலாம் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாள். சண்முகசுந்தரம் உருகிப்போனார். "உன் கையால சாப்பிட்ட வாய்க்கு ஓட்டல் சோறு இறங்குமா தனம்?" என்றார். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. படுத்து யோசித்தபோதுதான், அந்தப் பாராட்டு அடுப்படிக்கு வெளிப்பக்கமாகப் போட்ட பூட்டு என்று புரிந்தது.

இந்த நிலையில் பொங்கலுக்கு நல்லசாமி வந்தார். நல்லசாமி எதிர் வீட்டு மாணிக்கம்மாளுக்கு அண்ணன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே கொழும்புக்குப் போய், செட்டியார் தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்து நன்றாக இருக்கிறவர். வந்த இடத்தில் தனபாக்கியம் வீட்டில் ஒரு விருந்து. அவியலைப் புகழ்ந்தார், பாயசத்தைப் புகழ்ந்தார். ஆனால் கடைக்காரர் கண் அல்லவா, இலையை மட்டும் பார்க்காது.

"நீங்க எப்பம்மா சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

"நீங்கள்லாம் சாப்பிட்ட அப்புறம்" என்றாள் தனபாக்கியம்.

நல்லசாமி சிரித்தார். "இதே பதிலை என் கடையில சமையக்காரன் சொல்வான். ஒருநாளாவது நீங்க வந்து உக்காருங்க, நாங்க போடுதோம். ரெண்டு மூணு பேரா வாங்க. கடை மாடி சும்மாதானே கிடக்கு. ராமேஸ்வரத்துல கப்பல் ஏறினா அந்தப் பக்கம் தலைமன்னார், அங்கேருந்து ரயிலு. இன்ன நேரத்துக்கு இன்னதுன்னு ஓடவே வேண்டாம். பசிச்சா சாப்பிடுங்க, அலுத்தா தூங்குங்க."

விருந்துக்கு வந்தவர் மரியாதைக்குச் சொன்ன பேச்சு. வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டு வெற்றிலைத் தட்டை நீட்டியிருப்பார்கள். தனபாக்கியம் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து திட்டம் தீட்ட ஆரம்பித்தார்கள். தனபாக்கியம், மாணிக்கம்மாள், மூன்றாவதாகப் பக்கத்து வீட்டுக் கலியம்மாள். கலியம்மாள் உள்ளூர்க்காரி, மூவரில் இளையவள். அவள் புருஷன் கொளஞ்சிநாதனுக்குச் சுரங்கத்துக்காக நிலம் போய், அதற்குப் பதில் வேலை வந்து, பெர்மனென்ட் ஆகி, இப்போது அவனும் ஆபரேட்டர். கலியம்மாள் பார்த்த கடல் கடலூர்க் கடல் ஒன்றுதான். அதற்கு மறுகரை உண்டு என்பதையே அவள் முழுசாக நம்பவில்லை.

கூட்டம் நடந்தது கூட்டுறவுப் பண்டகசாலை வரிசையில். பாமாயிலுக்கு நிற்பது போல நின்றுகொண்டு வெளிநாட்டுப் பயணம் பேசுவதில் ஒரு வசதி, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

முதல் நாளே சண்டை வந்தது. மாணிக்கம்மாளுக்கு மீன் வேண்டும், மாசிக் கருவாட்டுச் சம்பல் வேண்டும், முட்டை ஆப்பம் வேண்டும். கலியம்மாளுக்குச் செவ்வாய்க்கிழமை முருகனுக்கு, சனிக்கிழமை பெருமாளுக்கு. அந்த இரண்டு நாளும் கவிச்சி ஆகாது.

"செவ்வாக்கெழம மீனு துன்னுகினு கதிர்காமத்து முருகன் ஊருக்குப் போவறதா? நா வரலக்கா" என்றாள்.

"சரி, அவங்கவங்க இஷ்டம்" என்று தனபாக்கியம் தீர்ப்புச் சொன்னாள். "யாரும் யாரையும் இழுக்க வேண்டாம். மீன் வேணுங்கறவ மீன் சாப்பிடட்டும், வேண்டாங்கறவ இடியாப்பம் சாப்பிடட்டும், தூக்கம் வந்தவ தூங்கட்டும். வளைஞ்சு குடுக்கற பிளானா இருக்கட்டும்."

அந்தப் பிளான் எதற்கும் வளைந்தது. எந்த ஊருக்கு எந்த நாள் என்பது வளைந்தது, கண்டிக்குப் போவதா கூடாதா என்பது வளைந்தது. வளையாத சட்டம் ஒன்றே ஒன்று. போகிற இடத்தில் யாரும் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. "நான் கொஞ்சம் தேங்காய் துருவித் தரட்டுமா" என்று எவள் வாயைத் திறந்தாலும், பரிமாற எவள் எழுந்தாலும், மற்ற இரண்டு பேருக்கும் பலூடா அவள் செலவு. இந்தச் சட்டத்தைக் கொண்டு வந்தவள் தனபாக்கியம். முதலில் மீறப்போவதும் அவள்தான் என்று மற்ற இருவரும் கண்ஜாடை காட்டிக்கொண்டார்கள்.

அடுத்தது ஒயின். வாரப் பத்திரிகை ஒன்றில் யாரோ எழுதிய பயணக் கட்டுரையைப் படித்துவிட்டு மாணிக்கம்மாள்தான் ஆரம்பித்தாள். வெளிநாட்டில் பெண்கள் சாப்பாட்டோடு ஒரு கண்ணாடி டம்ளரில் ஒயின் வைத்துக்கொள்வார்களாம். இங்கே மதுவிலக்கு; கொழும்பில் அதெல்லாம் கிடையாது; அண்ணனிடம் சொன்னால் ஒரு பாட்டில் வாங்கி வைப்பார்.

கலியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னாக்கா இது, சாராயமா?"

"சாராயம் இல்லடி, திராட்சை."

"திராட்சைன்னா சைவந்தானே?"

"சுத்த சைவம்."

தனபாக்கியம் யோசித்தாள். பையன் பிறந்தபோது உடம்பு தேறுவதற்காக டாக்டர் எழுதிக் கொடுத்து, அவள் அம்மா தினம் இரண்டு ஸ்பூன் புகட்டியது ஒயின் டானிக்தான். நாவில் அந்த இனிப்பு இன்னும் இருந்தது. அந்தப் பையன் இப்போது பாலிடெக்னிக் ஹாஸ்டலில். "மருந்துன்னு நினைச்சுக் குடிச்சா தப்பில்லை" என்றாள். மருந்து என்று முடிவானதும் மூன்று பேருக்கும் மனசாட்சி லேசாகிவிட்டது. பாமாயிலை வாங்கிக்கொண்டு சிரித்தபடி வீடு திரும்பினார்கள்.

புருஷன்மாரிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? கதிர்காமம் முருகன் கோயிலுக்கு வேண்டுதல் என்று சொன்னார்கள். முழுப் பொய்யும் இல்லை; நேரம் இருந்தால் கதிர்காமம் போவதாகத்தான் இருந்தார்கள். சாமி விஷயம் என்றதும் மூன்று ஆண்களும் தலையாட்டிவிட்டார்கள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் நல்லசாமி இருக்கிறார், வேறென்ன கவலை. மெயின் பஜார் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போனபோது, "சிரிக்கலாமா?" என்று கலியம்மாள் கேட்டாள். கூடாது என்றார் போட்டோக்காரர். கூடாது என்றதும் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்து, அரை மணி நேரம் அவரைப் பாடாய்ப் படுத்தினார்கள்.

எல்லாம் கூடி வந்தது. மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை கிளம்புவது, பத்து நாளில் திரும்புவது. டிக்கெட் வாங்கியாகிவிட்டது. தனபாக்கியம் பெட்டியில் புடவையை மடித்து வைத்து, ஒருநாள் எடுத்துப் பார்த்து, மறுபடி மடித்து வைத்தாள். இவ்வளவு சந்தோஷம் வயசுக்கு அடுக்குமா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

புறப்படுவதற்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் அது நடந்தது. காலை ஷிஃப்ட் முடிந்து வந்த சண்முகசுந்தரம் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றார்.

"தனம், நீ போன பிறகு எனக்குச் சாப்பாடு எங்கேருந்து வருது?"

"என்னங்க இது, எப்பவும் போலதான். மாணிக்கம் வீட்டுலேருந்து."

"இசக்கிமுத்துவுக்கு?" இசக்கிமுத்து மாணிக்கம்மாளின் வீட்டுக்காரர்.

"அண்ணாச்சிக்குக் கலியம்மா வீட்டுலேருந்து."

"கொளஞ்சிக்கு?"

"கொளஞ்சிக்கு எப்பவும் நம்ம வீட்டுல..." என்று சொல்லிக்கொண்டே வந்த தனபாக்கியம் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

இது அந்த பிளாக்கில் ஊறிப்போன பழக்கம். ஒருத்தி ஊருக்குப் போனால் அவள் வீட்டுக் கேரியர் இன்னொரு வீட்டுக்குப் போகும். அந்த வீட்டுக்காரி நிரப்பி அனுப்புவாள். இத்தனை வருஷத்தில் மூன்று பேரும் ஒன்றாக ஊருக்குப் போனதே இல்லை. அதனால் ஒவ்வொருத்தியும் புருஷனிடம் "எப்பவும் போலதான்" என்றாள். வரிசையில் நின்று மீனுக்கும் இடியாப்பத்துக்கும் அத்தனை சண்டை போட்டவர்கள், வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி ஒருத்தியிடம் ஒருத்தி கேட்டபோதும் "எப்பவும் போலதான்" என்று சொல்லிவிட்டு ஒயினுக்குத் தாவிவிட்டார்கள். ஆண்களும் கண்டுபிடிக்க வழியில்லை. மூவரும் ஒரே மெஷினில் ஒருவர் மாற்றி ஒருவர் ஏறுகிறவர்கள். ஒருவர் விழித்திருந்தால் ஒருவர் தூங்குவார், ஒருவர் மெஷினில் இருப்பார். இன்று ஷிஃப்ட் மாறும்போது சண்முகசுந்தரம், "அடுத்த வாரம் உங்க வீட்டுக் குழம்புதான் எனக்கு" என்று சப்புக் கொட்டியிருக்கிறார். இசக்கிமுத்து, "எங்க வீட்டுல ஏது குழம்பு, எனக்கே கொளஞ்சி வீட்டுலேருந்து வருது" என்றிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்ததில் மூன்று அடுப்பும் அணைந்து கிடந்தது.

அன்று சாயங்காலமே தனபாக்கியம் வீட்டு முன்னறையில் கூட்டம் கூடியது. இசக்கிமுத்து மெஷினில் மாற்று ஆளை ஏற்றிவிட்டு, மதிய ஷிஃப்டில் பாதி லீவு போட்டு வந்தார். மாணிக்கம்மாள் காய்ச்சலில் படுத்தபோதுகூட லீவு போடாத மனிதர்; சோற்றுக்கு ஆபத்து என்றதும் ஓடி வந்துவிட்டார். இரவு ஷிஃப்ட் வாரமாதலால் கொளஞ்சிநாதன் தூக்கக் கலக்கத்தோடு கதவோரம் நின்றான். எதிரே மூன்று பெண்களும் பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட பிள்ளைகள் போல உட்கார்ந்திருந்தார்கள்.

"கேன்டீன் இருக்குல்லா?" என்றாள் மாணிக்கம்மாள்.

"கேன்டீன் சாம்பாரைப் பத்து நாள் குடிச்சா என் வயித்துப் புண்ணு என்ன ஆகும்?" என்றார் இசக்கிமுத்து. அந்தப் புண் மாணிக்கம்மாள் அவருக்குப் பிடிக்காததைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வரும் புண்.

கொளஞ்சிநாதன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "யாராச்சும் ஒருத்தரு நின்னுகினா தீந்துதுங்க. ஒரு வூட்டுல ஆக்குனா மூணு வூட்டுக்கும் ஆவும்."

யார் நிற்பது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. மாணிக்கம்மாள் நிற்க முடியாது, கூப்பிட்ட நல்லசாமி அவளுடைய அண்ணன். கலியம்மாள் நிற்க முடியாது, சின்னவள், மூன்று வீட்டுக்கு ஆக்கத் தெரியாது. மூன்று ஆண்களும் தனபாக்கியத்தைப் பார்த்தார்கள். அது அவளுக்கு வலிக்கவில்லை. அவர்கள் எப்போதுமே அப்படித்தான் பார்ப்பார்கள். ஆனால் மாணிக்கம்மாள் தரையைப் பார்த்தாள், கலியம்மாள் வளையலைப் பார்த்தாள். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அதுதான் வலித்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"தனம் கைச்சாப்பாடுன்னா எனக்குச் சம்மதம்" என்று இசக்கிமுத்து பெருந்தன்மையாக வேறு சொன்னார்.

"அடுத்த வருஷம் நானே கூட்டிட்டுப் போறேன் தனம்" என்றார் சண்முகசுந்தரம். அவர் மனதாரத்தான் சொன்னார். அடுத்த வருஷம் என்பது அவர் வாயிலிருந்து வருகிற வருஷம், எந்தக் காலண்டரிலும் வராது.

சரி என்ற சொல் அவள் தொண்டைவரை வந்துவிட்டது. இருபது வருஷமாகச் சொல்லிப் பழகிய சொல், தானாகவே வரும். அதை விழுங்கினாள்.

"என்னங்க, போன வருஷம் உங்களுக்கு ரிலீவர் வரலேன்னு டபுள் டூட்டி பார்த்தீங்களே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

சண்முகசுந்தரத்துக்கு ஞாபகம் இல்லாமலா. அந்தக் கதையை அவர் பிளாக் முழுக்கச் சொல்லித் தீர்த்தவர். ரிலீவர், அதாவது அடுத்த ஷிஃப்ட் ஆள், வந்து லீவரில் கை வைக்கும்வரை ஆபரேட்டர் மெஷினை விட்டு இறங்கக் கூடாது, அது சுரங்கத்துச் சட்டம். மழையில் பஸ் நின்றுபோய் இசக்கிமுத்து வராமல், இரண்டு ஷிஃப்டையும் ஒரே ஆளாக ஓட்டிவிட்டு இறங்கினார். இறங்கியபோது கால் மரத்துப் போயிருந்தது என்று சொல்லும் இடத்தில் அவருக்கு இப்போதும் குரல் கம்மும்.

"அன்னிக்கு இறங்கினதும் மேலே எழுதிப் போட்டீங்கல்ல? ரிலீவர் இல்லாம ஓட்டச் சொன்னா அது மனுஷன் வேலை இல்லைன்னு."

"ஆமா. நியாயந்தானே?"

"நியாயந்தான். எனக்குக் கல்யாணமான அன்னிக்கு ஏறினது. இன்னும் ரிலீவர் வரலை." அவள் குரல் உயரவே இல்லை. "பாதியில இறங்கிப் போற ஆள் நான் இல்லை. அது தப்பு, நீங்களே சொல்லிக் குடுத்திருக்கீங்க. வந்து சார்ஜ் எடுங்க, இறங்கிக்கறேன்."

எப்படி என்பதையும் அவளே சொன்னாள்.

"நீங்க மூணு பேரும் மூணு ஷிஃப்ட். எந்த நேரம் பார்த்தாலும் ஒருத்தர் வீட்டுலதான் இருக்கீங்க. ஷிஃப்ட் முடிஞ்சு தூங்கி எழுந்தவர் ஆக்கி வச்சா, அடுத்து வர்றவர் சாப்பிடலாம். அவ்வளவு பெரிய மெஷினையே ஒரு நிமிஷம் நிக்காம ஓட்டறீங்க. ஒரு அடுப்பு நின்னுடுமா?"

மூன்று ஆபரேட்டர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முடியாது என்று சொல்லலாம்தான். ஆனால் ஓட்டத் தெரியாது என்று ஒரு ஆபரேட்டர் இன்னொரு ஆபரேட்டர் முன்னால் எப்படிச் சொல்வது? கொளஞ்சிநாதன்தான் முதலில் விழுந்தான். "கோழிக் கொழம்பு வெப்பங்க நானு" என்றான். கலியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த விஷயம் அவளுக்கே புதிது. இசக்கிமுத்து, தனக்கு டீ போடத் தெரியும் என்று முனகினார்.

மாணிக்கம்மாள் வெளியே வந்ததும் தனபாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அப்பவே பேசியிருக்கணும்க்கா" என்றாள். "பேசியிருக்கணும்" என்றாள் தனபாக்கியம். அதற்கு மேல் அவளுக்குக் கோபம் வைத்துக்கொள்ளத் தெரியாது.

புதன்கிழமை சார்ஜ் ஒப்படைப்பு நடந்தது. சண்முகசுந்தரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் வந்தார். அவர் அங்கே முழுசாக நுழைந்தது வீடு அலாட் ஆன நாளில். அதற்குப் பிறகு வாசல்வரைதான்.

"இது லெக்கோ அடுப்பு. நீங்க வெட்டி அனுப்பற நிலக்கரியைச் சுட்டுக் கட்டியாக்கின லெக்கோ. பத்த வைக்கத் தெரியுமில்ல?"

ஊருக்கே விளக்கெரிய நிலக்கரி வெட்டிய மனிதர், அதில் ஒரு கட்டியைப் பற்ற வைத்ததில்லை. ஒத்துக்கொள்ள மனம் வராமல் தொண்டையைச் செருமினார். "ஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம்?" என்று தொழில் முறையில் கேட்டார்.

"அரை மணி. அடியில கொட்டாங்குச்சி போட்டு, மேல லெக்கோ அடுக்கி, தோட்டத்துல வச்சுப் பத்த வைக்கணும். புகை அடங்கற வரைக்கும் உள்ளே கொண்டு வரக் கூடாது. ஒரு தடவை பிடிச்சுக்கிட்டா சமையல் முடியற வரைக்கும் நின்னு எரியும். நடுவுல கிளறாதீங்க."

"ஏன்?"

"அணைஞ்சிடும். உங்க மெஷினைச் சும்மா சும்மா நிறுத்துவீங்களா?"

அவர் தலையாட்டினார். "டிஃபெக்ட் ஏதாவது?"

"அம்மி ஆடும், ஒரு பக்கம் துணி மடிச்சு வச்சுக்கணும். குக்கர் விசில் சமயத்துல சத்தம் போடாது. அதை நம்பாதீங்க, மூக்கை நம்புங்க. அரிசிப் பானைக்குப் பின்னாடி எலி வரும். கடைசியா ஒண்ணு. மத்த ரெண்டு பேரும் சாப்பிட்ட பிறகுதான் நீங்க சாப்பிடணும்."

"அது எதுக்கு?"

"பத்தாமப் போனா யார் பட்டினி கிடக்கறது?"

சண்முகசுந்தரம் அடுப்பைப் பார்த்தார், சோற்றுப் பானையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏதோ கேட்க நினைத்தவர் போல வாயைத் திறந்து மூடிக்கொண்டார். எதைக் கேட்க வந்தார் என்பது தனபாக்கியத்துக்குத் தெரியும். கேட்டிருந்தால் அழுதிருப்பாள்.

அவள் கரண்டியை நீட்டினாள். ரிலீவர் கை வைக்க வேண்டும், அது சட்டம். அவர் கை வைத்தார்.

"எடுத்துக்கிட்டேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "திரும்பி வந்து நீ எப்போ ரிலீவ் பண்ணுவே?" என்று கேட்டார்.

"பஸ் நின்னு போகாம இருந்தா பத்து நாள்ல" என்றாள் தனபாக்கியம்.

வியாழக்கிழமை விடியுமுன்னே மூன்று பேரும் கிளம்பினார்கள். விருத்தாசலம் ஜங்ஷனில் வண்டி மாறி, ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறினார்கள். கப்பலில் மாணிக்கம்மாள் வாந்தி எடுத்தாள், கலியம்மாள் கப்பல் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகரை வருகிறதா என்று பார்த்தபடியே நின்றாள். மறுகரை வந்தது. அதற்கப்புறம் ராத்திரி முழுக்க ரயில்.

கொழும்பில் நல்லசாமி கடை மாடியில் மூன்று வாழை இலை போட்டிருந்தது. பக்கத்தில் மூன்று கண்ணாடி டம்ளர், நடுவில் ஒரு பாட்டில். சொன்ன சொல் தவறாத மனிதர். மாணிக்கம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இதுக்காக்கா கடல் தாண்டி வந்தோம்? நம்ம வீட்டுப் புளித்தண்ணி தேவலை." தனபாக்கியத்துக்கு அம்மா புகட்டிய இனிப்பு ஞாபகம்; இது அந்த மருந்தே இல்லை. கலியம்மாள் மட்டும் பேசாமல் தன் டம்ளரைக் காலி செய்துவிட்டு, "இத யாரும் குடிக்கலியாக்கா?" என்று மாணிக்கம்மாளின் டம்ளரைக் கிட்டே நகர்த்திக்கொண்டாள். அன்று செவ்வாயும் இல்லை, சனியும் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு எந்தத் தடையும் அவள் வைத்திருக்கவில்லை.

ஆப்பம் வந்தது. கடைச் சமையல்காரர் சட்டியிலிருந்து எடுத்த கையோடு மாடியேறிக் கொண்டு வந்து போட்டார். ஓரம் முறுகலாக, நடுவில் பஞ்சாக, ஆவி பறந்தது. தேங்காய்ப்பால் சொதி ஊற்றினார், சம்பல் வைத்தார். தனபாக்கியம் உட்கார்ந்திருந்தாள். யாருக்காவது ஏதாவது எடுத்து வைக்க வேண்டும் போல அவள் வலது கை இரண்டு தடவை தானாக எழுந்தது. இரண்டு தடவையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க சாப்பிட்டாச்சா அண்ணே?" என்று சமையல்காரரிடம் கேட்டுவிட்டாள்.

"நீங்கள்லாம் சாப்பிட்ட அப்புறந்தாம்மா" என்றார் அவர்.

அவளுடைய சொல் அது. எதிரில் நின்று கேட்டபோது எப்படியோ இருந்தது. இத்தனை வருஷம் இதைக் கேட்டுக்கொண்டு எல்லோரும் எப்படி நிம்மதியாகச் சாப்பிட்டார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது. கையை ஊன்றி எழப் போனாள்.

"எழுந்தா பலூடா உன் செலவு" என்றாள் மாணிக்கம்மாள்.

தனபாக்கியம் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே, முதல்ல போய் உங்களுக்குன்னு ரெண்டு ஆப்பம் எடுத்து மூடி வச்சிட்டு வாங்க. அப்புறம் எனக்கு இன்னொண்ணு போடுங்க. சூடா" என்றாள்.

அந்த மனிதர் சிரித்தபடி இறங்கிப் போனார். அவர் எடுத்து வைத்துவிட்டு வரும்வரை தனபாக்கியம் காத்திருந்தாள். புது ஆப்பம் இலையில் விழுந்ததும் ஆற விடாமல் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். நாக்கு சுட்டது. நாக்கைச் சுட்டுக்கொண்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டே அடுத்த வாயைப் பிய்த்தாள்.